சோதனைப் படத்தில் இருந்த பெண்

பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டில், கணினியில் படங்களைக் கையாளப் பழகும் இமேஜ் பிராசசிங் ஆய்வகத்துக்கென்று நான் வைத்திருந்த ரெக்கார்டு நோட்டில், வலப்பக்கத்தில் நோக்கம், வழிமுறை, நிரல் ஆகியவற்றை எழுதி, இடப்பக்கத்து வெள்ளைத் தாளில் அச்செடுத்த படத்தை ஒட்ட வேண்டும். ஏறத்தாழ எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே படம்தான். இறகு வைத்த தொப்பி அணிந்த ஓர் இளம்பெண், வெற்றுத் தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். ஒரு பக்கத்தில் அவள் முகம் மங்கிக் கிடக்கும்; அடுத்த பக்கத்தில் உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளிகள் விழுந்திருக்கும்; அதற்கடுத்த பக்கத்தில் முகமே கரைந்து வெறும் வெள்ளைக் கோடுகளாகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தபோது அம்மா குனிந்து பார்த்து, "யாருடி இந்தப் பொண்ணு, எல்லாப் பக்கத்துலயும் இருக்கா?" என்று கேட்டார். "யாரும் இல்லம்மா, டெஸ்ட் இமேஜ்" என்றேன். அந்தப் பதில் உண்மையில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஆய்வக நேரத்தில், பின்வரிசை மாணவர் ஒருவர் அந்தப் படத்தின் பெயரை இணையத்தில் தேடியிருந்தார். எங்களுக்குத் தரப்பட்டிருந்த சதுரப் படம் தோளோடு முடிந்துவிடும். தேடலில் கிடைத்த முழுப் படம் தோளோடு முடியவில்லை. ஆடையில்லாத உடல் முழுவதும் திரையில் தெரிந்தது. அந்தக் கணினியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடினார்கள், சிரிப்பு எழுந்தது, யாரோ ஒருவர் விசிலடித்தார். ஆசிரியர், "டேய், போதும், மூடுங்கடா" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டில் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் இருந்த நாங்கள் நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் திரைகளிலும் அதே முகம்தான் இருந்தது.

நடந்தது அவ்வளவுதான். எங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிட்டே வரவில்லை, மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. புகாராக எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு வரிகூடத் தேறாது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில், இந்த அறை யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது என்பது எங்கள் நால்வருக்கும் தெரிந்துபோயிற்று.

பாலினப் பாகுபாடு என்றால் வேலை மறுப்பது, ஊதியத்தைக் குறைப்பது, தொல்லை கொடுப்பது என்று நமக்குத் தோன்றுகிறது. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது, குழு இருக்கிறது, ஒருவரைக் கைகாட்டிக் குற்றம் சொல்லவும் முடிகிறது. ஆனால் கணினி, நிரல், விளையாட்டு, அறிவியல் புனைவு என்று ஏதேனும் ஒன்றில் ஊண் உறக்கம் மறந்து ஆழ்ந்துபோகிறவர்களின் உலகத்தில், கீக் என்று அவர்கள் பெருமையோடு தங்களை அழைத்துக்கொள்ளும் உலகத்தில், பெண்கள் பெரும்பாலும் வெளியேறுவது இவற்றைவிடச் சிறிய காரணங்களால்தான். போகிற போக்கில் விழும் ஒரு சொல், உரைக்கு நடுவே சிரிப்புக்காகச் செருகப்பட்ட ஒரு படம், "உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா?" என்ற வியப்பு ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. இவற்றைச் செய்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அதனால்தான் இவை நீண்ட காலம் நிலைக்கின்றன. எவ்வளவு நீண்ட காலம் என்பதற்கு என் நோட்டில் இருந்த அந்தப் படத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் படம் பிறந்தது 1973ஆம் ஆண்டின் கோடையில், அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில். அங்கே படங்களை எண்களாக மாற்றிக் கணினியில் கையாளும் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. உதவிப் பேராசிரியர் அலெக்சாண்டர் சாச்சக்கும் அவருடைய சகாக்களும் ஒரு மாநாட்டுக் கட்டுரைக்காக நல்ல படம் ஒன்றை அவசரமாகத் தேடினார்கள். தொலைக்காட்சித் தரநிர்ணயத்துக்காக உருவான பழைய சோதனைப் படங்கள் அவர்களுக்குச் சலித்துப்போயிருந்தன. பளபளப்பான தாளில் அச்சான ஒரு மனித முகம் வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர், ஆடையில்லாப் பெண்களின் படங்களை வெளியிடும் பிளேபாய் இதழோடு உள்ளே வந்தார். 1972 நவம்பர் இதழின் நடுப்பக்கப் படத்தில் மேல்பகுதியை மட்டும் கிழித்தெடுத்து, ஸ்கேனரின் உருளையில் சுற்றினார்கள். அந்த ஸ்கேனர் ஓர் அங்குலத்துக்கு 100 வரிகள் படிக்கும். அவர்களுக்கு வேண்டியது 512 வரிகள். ஆகவே மேலிருந்து 5.12 அங்குலம் படித்தவுடன் நிறுத்தினார்கள். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் மாணவர்கள் பார்த்த அந்தப் படம் தோளோடு நின்றதற்குக் காரணம் கூச்சம் அல்ல, எளிய கணக்கு.

அந்தச் சிறு கூட்டத்தில் யாருக்கும் பெண்களை அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் பகல் நேரத்தில் அந்த இதழைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் இயல்பாக நுழைய முடிந்தது. அங்கிருந்தவர்கள் அதை இயல்பாக வாங்கிப் புரட்ட முடிந்தது. பக்கத்து மேசையில் ஒரு பெண் ஆய்வாளர் சமமான சகாவாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கை அந்த இதழை நீட்டத் தயங்கியிருக்கும். அந்தத் தயக்கம் அங்கே தேவைப்படவில்லை என்பதை அந்தப் படம் பதிவு செய்துவைத்திருக்கிறது.

பிறகு அது பரவியது. மற்ற ஆய்வகங்கள் ஒப்பீட்டுக்காக அதே படத்தைக் கேட்டு வாங்கின. படக் கோப்பின் அளவைக் குறைக்கும் தன் சுருக்க முறை சிறந்தது என்று ஒருவர் நிறுவ வேண்டுமானால், மற்றவர்கள் பயன்படுத்திய அதே படத்தில் செய்து காட்ட வேண்டும். அப்படிச் செய்து காட்டிய ஒவ்வொரு கட்டுரையும் அடுத்தவருக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஒரு வழக்கம் தன்னைத் தானே பூட்டிக்கொள்வது இப்படித்தான். 1991இல் ஆப்டிகல் எஞ்சினியரிங் என்ற ஆய்விதழ் தன் அட்டையிலேயே அந்தப் படத்தை அச்சிட்டபோது பிளேபாய் நிறுவனம் பதிப்புரிமையைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தது; பின்னர் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. அந்தப் படத்தைப் பற்றி முதலில் எழுந்த பெரிய சச்சரவு உரிமையாளருக்கு உரிய காசு பற்றியது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இந்தியாவில் விற்பனைக்கு அனுமதியில்லாத ஓர் இதழின் பக்கம் இங்குள்ள கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளில் பசை தடவி ஒட்டப்பட்டது, ஆசிரியரின் கையெழுத்தும் பெற்றது.

படத்தைத் தொழில்நுட்பக் காரணம் சொல்லி ஆதரிப்பவர்கள் உண்டு. தொப்பியின் இறகில் நுண்ணிய விவரம் இருக்கிறது, தோளில் மென்மையான நிழல் இருக்கிறது, பின்னணியில் தட்டையான பரப்பு இருக்கிறது, ஆகவே எந்த முறையையும் சோதித்துப் பார்க்க ஏற்ற படம் என்பார்கள். அது பொய்யில்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ ட்ரிபிள் ஈயின் படச் செயலாக்க ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்த டேவிட் மன்சன் 1996இல் எழுதிய குறிப்பில் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு, இரண்டாவது காரணத்தையும் மறைக்காமல் எழுதினார்: இது அழகான ஒரு பெண்ணின் படம், பெரும்பாலும் ஆண்களே இருக்கும் ஒரு துறை தனக்குக் கவர்ச்சியாகத் தோன்றிய படத்தை நாடியதில் வியப்பில்லை. துறைக்குள்ளிருந்தே அவ்வளவு நேராகச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் அடிக்கடி பயன்பட்ட இன்னொரு படம் "கேமராமேன்". அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கறுப்பு வெள்ளைப் படம். மேட்லாப் மென்பொருளோடு சேர்ந்தே வரும். கறுப்புக் கோட்டு அணிந்த ஓர் ஆண், முக்காலியில் நிற்கும் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. அவருக்கு வேலை இருக்கிறது. இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்துத் தாள்களில் ஒட்டிய பிறகு அந்த நோட்டைத் திறந்தால், இடப்பக்கம் கருவியைக் கையாளும் ஆண், பக்கத்தைத் திருப்பினால் கருவிக்கு முன் காட்சியாக நிற்கும் பெண். இப்படி யாரும் திட்டமிட்டு ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் யார் எங்கே நிற்பார்கள் என்பதை ஒரு மாணவிக்கு இதைவிடச் சுருக்கமாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

ஒரு அறையில் கிடக்கும் பொருள்கள் யார் அங்கே உரிமையுள்ளவர் என்று சொல்லிவிடுகின்றன என்பதை உளவியலாளர் சப்னா செரியனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஒரு கணினி அறிவியல் துறை அறையில் சற்று நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு முறை அந்த அறையில் ஸ்டார் ட்ரெக் என்ற அறிவியல் புனைவுத் தொடரின் சுவரொட்டிகளும் கணினி விளையாட்டுப் பெட்டிகளும் நொறுக்குத் தீனியும் கோக் குப்பிகளும் இருந்தன. மறுமுறை இயற்கைக் காட்சிப் படங்களும் தண்ணீர்க் குப்பிகளும் பொதுவான புத்தகங்களும் இருந்தன. முதல் அறையில் உட்கார்ந்த பெண்கள் கணினி அறிவியலில் ஆண்களைவிடக் குறைந்த ஆர்வம் காட்டினார்கள். இரண்டாவது அறையில் அந்த இடைவெளி இல்லை. பாடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை, கேள்வி மாறவில்லை. சுவரும் மேசையும் மட்டும் மாறின. ஸ்டார் ட்ரெக் சுவரொட்டியில் பெண்களை இழிவுபடுத்தும் ஒன்றும் இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வெறும் சுவரொட்டிக்கே இவ்வளவு விளைவு என்றால், ஆடையில்லாத பெண்ணின் படம் பாடப்பொருளாகவே வருகிற வகுப்பைப் பற்றி நாம் அதிகம் வாதிட வேண்டியதில்லை.

இந்தத் துறை இயல்பாகவே ஆண்களுடையது என்று சொல்லிக்கொள்வதற்கும் வரலாற்றில் இடமில்லை. 1946 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் எனியாக் கணினியை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்னல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அன்று காட்டப்பட்ட எறிகணைப் பாதைக் கணக்கு பெட்டி ஸ்னைடரும் ஜீன் ஜென்னிங்ஸும் அமைத்தது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. 1980களில் ஹார்வர்டு மாணவியாக இருந்த கேத்தி கிளைமன் எனியாக் முன்னால் பெண்கள் நிற்கும் பழைய புகைப்படங்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் கிடைத்தது. குளிர்பதனப் பெட்டி விளம்பரத்தில் கதவைத் திறந்து காட்டும் பெண்களைப் போல என்று அவருக்கு விளக்கமும் சொல்லப்பட்டது. அவர் விடாமல் தேடியதால்தான் அந்த ஆறு பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. நிரல் எழுதிய பெண்களை மாடல்கள் என்று நம்பிய அதே துறை, மாடல் ஒருவரின் படத்தைத் தன் நிரல்களுக்கெல்லாம் உரைகல்லாக வைத்திருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் நான் ஒரே வாரத்தில் படித்தேன். அந்த வாரம் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 சதவீதம் வரை உயர்ந்து, பிறகு சரிந்து, 2010களில் 18 சதவீத அளவில் நின்றது. 1980களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினி ஆண் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்டதும், அதில் பழகிவந்த பையன்களை அளவுகோலாக வைத்து முதலாண்டு வகுப்புகள் நடந்ததும் இதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்கள்.

நம்முடைய நிலை வேறு. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் கணினித் துறை வகுப்புகளில் பெண்கள் குறைவில்லை. "ஏசி ரூம்ல உக்காந்து பாக்கற வேலை, வெயில்ல அலைய வேண்டாம்" என்று பெற்றோரே அந்தத் துறையைப் பெண்களுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். எண்ணிக்கை சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் தானே சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் வகுப்பறை ஒரு நல்ல பாடம். வகுப்பு நேரத்தில் நாங்கள் பாதிப்பேர் இருந்தோம். வகுப்பு முடிந்த பிறகு தொடங்கும் இன்னொரு கல்லூரியில் நாங்கள் இல்லை. ரோபோட்டிக்ஸ் கிளப், லினக்ஸ் ஆர்வலர் குழு, விடிய விடிய நிரல் எழுதும் ஹேக்கத்தான் போட்டி எல்லாம் அந்த இரண்டாவது கல்லூரியில் நடந்தன. பெண்கள் விடுதியின் கதவு இரவு எட்டு மணிக்கு மூடும்; ஆண்கள் விடுதிக்கு அப்படியொரு நேரம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. சுவையான சிக்கல்கள் எல்லாம் இரவு பதினொரு மணிக்குத்தான் தீர்க்கப்பட்டன. மறுநாள் காலை, அந்தத் தீர்வைப் பற்றிய சிரிப்பின் நடுவில் நாங்கள் வந்து நின்றோம்.

நால்வர் குழுவாக இறுதியாண்டுத் திட்டப்பணி செய்தபோது, நிரலை மாணவர்கள் எழுதுவார்கள், அறிக்கையையும் ஸ்லைடுகளையும் மாணவிகள் செய்வார்கள் என்பது யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே நடந்தது. "உங்க கையெழுத்து நல்லா இருக்கும், இங்கிலீஷ் நல்லா இருக்கும், நீங்களே பண்ணிடுங்க" என்பது பாராட்டாகவே சொல்லப்பட்டது. பாராட்டை மறுப்பது வசையை மறுப்பதைவிடக் கடினம். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் நிரலைப் பற்றிய கேள்விகள் பையன்களிடம் போயின. என்னிடம், அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்துக்கு ஏன் பக்க எண் இல்லை என்று கேட்டார்கள்.

நம் மொழிக்குரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழில் நட்பின் கதவைத் திறக்கும் சொற்கள் உறவுச் சொற்கள். கடினமான பிழை ஒன்றைக் கண்டுபிடித்துத் தருகிற முதலாண்டுப் பையன் அந்த நிமிடமே "மச்சான்" ஆகிவிடுவான். அந்தச் சொல்லோடு தோளில் ஒரு கை விழும், டீக்கடைக்கு அழைப்பு வரும், அங்கே அடுத்த வேலை பேசப்படும். அதே பிழையை நான் கண்டுபிடித்தபோது "சூப்பர் சிஸ்டர்" என்றார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னார்கள், எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் மச்சான் என்பது உள்ளே இழுக்கிற சொல். சிஸ்டர் என்பது மரியாதையாக இரண்டடி தள்ளி நிறுத்துகிற சொல். டீக்கடைக்குச் சிஸ்டரை யாரும் கூப்பிடுவதில்லை. எங்களை உள்ளே இழுக்கும் சொல் ஒன்று அந்தக் கூட்டத்தில் இன்னும் உருவாகவில்லை என்பதை ஒரு மொழிக் குறையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

முகம் தெரியாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. நிரல்களைப் பகிர்ந்து கூட்டாகத் திருத்த உதவும் கிட்ஹப் தளம், யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல நிரல்கள் பற்றி 2017இல் நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் 95 சதவீதம் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். அதே ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தளத்தில் பெண்கள் அனுப்பிய நிரல் திருத்தங்களில் ஏறத்தாழ 79 சதவீதமும் ஆண்கள் அனுப்பியவற்றில் ஏறத்தாழ 75 சதவீதமும் ஏற்கப்பட்டதைக் கண்டது. ஆனால் ஒரு குழுவுக்குப் புதியவராக வரும் பெண், பெண் என்று அடையாளம் தெரியும்படி வந்தால், அந்த ஏற்பு குறைந்தது. பெயரைச் சுருக்கி, படத்தை எடுத்துவிட்டு எழுதுகிற பெண்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் யாரும் அப்போதே எதிர்க்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. எதிர்ப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை வைப்பது எதிர்ப்பவர் அல்ல. கூடச் சேர்ந்து சிரித்தால், இவள் நம்மில் ஒருத்தி என்று சற்று நேரம் இடம் கிடைக்கும். அன்றிரவு மனம் உறுத்தும். பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். வாய் திறந்தால், "ஜோக்கைக்கூட ஜோக்கா எடுத்துக்கத் தெரியல" என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு அவள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்ற அறையில் யாரால் கற்றுக்கொள்ள முடியும்? அடுத்த ஆறு மாதங்களுக்கு அதே கணினியில், அதே மாணவர்களோடு, அதே ஆசிரியரிடம் மதிப்பெண் வாங்க வேண்டிய நாங்கள் நால்வரும் தலையைக் குனிந்துகொண்டதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். அதைக் கணக்கிட்டுத்தான் செய்தோம்.

2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதினார். "செயற்கை நுண்ணறிவு வகுப்பில் இந்தப் படத்தைத் தேடிப் பயன்படுத்தச் சொன்னார்கள். முழுப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். பையன்களின் பேச்சைக் காதில் வாங்காமலிருக்க முயன்றேன். அப்போது எனக்குப் பதினாறு வயது, இந்த வகுப்பில் எனக்கு இடமுண்டு என்று நம்பவே போராடிக்கொண்டிருந்தேன்" என்பது அவர் எழுதியதன் சாரம். அதைப் படித்தபோது நான் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் ஆய்வகத்தின் விசில் சத்தம் மறுபடி கேட்டது.

கணிதவியலாளர்கள் டியான்னா நீடலும் ரேச்சல் வார்டும் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். படங்களை மீட்டெடுப்பது பற்றி அவர்கள் எழுதி 2013இல் வெளிவந்த கட்டுரையில், வழக்கமான படத்துக்குப் பதிலாக, நீண்ட கூந்தலோடு காதல் நாவல் அட்டைகளில் தோன்றிப் புகழ்பெற்ற ஆண் மாடல் ஃபேபியோ லான்சோனியின் படத்தை, முறையாக அனுமதி பெற்று, சோதனைப் படமாக வைத்தார்கள். கூந்தலில் நுண்ணிய விவரம் இருக்கிறது, தோலில் மென்மையான நிழல் இருக்கிறது. தொழில்நுட்பத் தேவைகளில் ஒன்றும் குறையவில்லை. வாசகர்களுக்கு அது வித்தியாசமாகத் தோன்றியது. அந்த வித்தியாச உணர்வு தோன்றியதே அவர்கள் நிறுவ விரும்பிய செய்தி.

மாற்றம் மெதுவாக வந்தது. நேச்சர் நானோடெக்னாலஜி ஆய்விதழ் 2018இல் இந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஐ ட்ரிபிள் ஈ கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் 1 முதல் தன் ஆய்விதழ்களில் அதை அனுமதிப்பதில்லை. 1973இலிருந்து அதற்குள் 51 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு படத்தை நீக்கினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஒரு படத்தால் மட்டும் மாறாது. அறையை மாற்றினால் மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் ஆகிய இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பேசி, பெண்கள் எங்கே சோர்கிறார்கள் என்று கண்டறிந்தார்கள். முன்பே நிரல் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சேர்க்கையில் தளர்த்தியதும், அனுபவமில்லாதவர்களுக்குத் தனித் தொடக்கப் பாடம் வைத்ததும் அங்கே செய்யப்பட்ட மாற்றங்களில் சில. கணினி அறிவியலில் சேர்ந்த பெண்கள் 1995இல் 7 சதவீதம். 2000இல் 42 சதவீதம். பைத்தான் என்ற நிரல் மொழிக்கான அமெரிக்க மாநாட்டில் 2011இல் பெண்கள் ஆற்றிய உரைகள் ஏறத்தாழ 1 சதவீதம். 2016இல் 40 சதவீதம். அங்கே நடத்தை விதிகளை எழுதி வைத்தார்கள். பெண்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதி, நீங்கள் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். டீக்கடைக்கு அழைப்பது போன்ற ஒரு வேலைதான் அது.

படத்தில் இருந்த பெண்ணின் பெயர் லேனா ஃபோர்சென். சுவீடனைச் சேர்ந்தவர். "அவர்" என்று மரியாதையோடு எழுத எனக்கே சில ஆண்டுகள் பிடித்தன. நோட்டில் ஒட்டிய நாள்களில் அவர் எனக்கு ஒரு கோப்பின் பெயர் மட்டுமே. தன் படம் கணினி ஆய்வகங்களில் புழங்குகிறது என்பது அவருக்குத் தெரியவந்தபோது ஒன்றரைப் பத்தாண்டுகள் ஓடியிருந்தன. 1997இல் பாஸ்டனில் நடந்த படத் தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்கு அவரை அழைத்து வந்தார்கள். ஆய்வாளர்கள் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கினார்கள். அவர் அந்தப் படத்தை வெறுக்கவில்லை. 2019இல், மாடலிங் தொழிலிலிருந்து தான் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டதாகவும், தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு பெறும் நேரம் வந்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.

2024இல் தடைச் செய்தி வந்த அன்று, அம்மாவிடம் பழைய நோட்டை நினைவுபடுத்தி, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கல்லூரியில் நடந்ததையும் முதல்முறையாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இத்தன வருஷம் எல்லாரும் வெச்சுப் படிச்சீங்களே, அந்தப் பொண்ணுக்கு ஏதாவது காசு குடுத்தாங்களா?" என்று கேட்டார். அந்த இதழ் முதலில் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை என்றேன்.